பாறைப் பூமியில் ஆலைக் கழிவு கிணற்றுக்கு எப்படிப் போகிறது? ராணிப்பேட்டையை முன்வைத்து

"ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவைத் தரையின் மேல்தானே கொட்டினார்கள்; அங்கே சில மீட்டர் ஆழத்திலேயே பாறை வந்துவிடுகிறதே, பிறகு எப்படி அது நிலத்தடி நீரில் கலந்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிலத்தடி நீர் ஆய்வு என் தொழில் என்பதால் இதே கேள்வியை ஆலை நிர்வாகிகளிடமிருந்தும் கேட்டிருக்கிறேன். பாறை மேலாக இருப்பது பாதுகாப்பு என்று அவர்கள் நம்புகிறார்கள்; என் கருத்தில் அதுதான் அந்த இடத்தின் பலவீனம்.

ராணிப்பேட்டைச் சிப்காட் தொழிற்பேட்டையின் அடியில் இருப்பவை மிகப் பழமையான நைஸ், சார்னோகைட் வகைக் கடினப் பாறைகள். இடையிடையே டோலரைட் பாறை சுவர்போல ஊடுருவியிருக்கிறது. மேல்மண்ணுக்குக் கீழே சிதைந்த பாறை, அதற்குக் கீழே விரிசல் விட்ட பாறை, அதற்கும் கீழே திடப்பாறை என்பதே பொதுவான அடுக்கு வரிசை. ஆற்று மணல் பாலாற்றை ஒட்டித்தான் கிடைக்கும்.

இந்த அடுக்குகள் எவ்வளவு நீரைத் தேக்கும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இந்தியாவில் நிலத்தடி நீர் மதிப்பீட்டுக்குப் பின்பற்றப்படும் அளவுகோலின்படி, மணற்பாங்கான ஆற்றுப் படிவின் நீர் விடுதிறன் (நீர் நிறைந்த அடுக்கின் கன அளவில், தானாக வடிந்து வெளிவரும் நீரின் பங்கு) சுமார் 16 விழுக்காடு. சிதைந்த நைஸ் பாறைக்கு அது களிமண் அளவைப் பொறுத்து 1.5 முதல் 3 விழுக்காடுதான். அதாவது 30 மில்லிமீட்டர் மழைநீர் உள்ளே இறங்கினால் மணலில் நீர்மட்டம் 20 சென்டிமீட்டருக்கும் குறைவாகவே உயரும். சிதைந்த பாறையிலோ ஒன்று முதல் இரண்டு மீட்டர் வரை உயர்ந்துவிடும். கோடையில் கழிவுக் குவியலுக்கு வெகு கீழே கிடந்த நீர், வடகிழக்குப் பருவமழை ஓயும்போது அதன் அடியை நனைக்கக்கூடும். ஆகவே கோடையில் ஒரே ஒரு முறை அளந்த நீர்மட்டத்தைக் காட்டி "கழிவுக்கும் நீருக்கும் தொடர்பில்லை" என்று முடிக்கும் அறிக்கையை நான் ஏற்பதில்லை.

வேகமும் இதனால்தான் கூடுகிறது. நீர்மட்டச் சரிவு 0.005 (ஆயிரம் மீட்டருக்கு ஐந்து மீட்டர் இறக்கம்) என்றும், நீர் ஊடுருவும் திறன் நாளுக்கு ஒரு மீட்டர் என்றும் ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். நீர் ஓடக்கூடிய இடைவெளி 25 விழுக்காடாக உள்ள மணலில் ஆண்டுக்கு ஏறத்தாழ 7 மீட்டர் நகரும் நீர், அந்த இடைவெளி 2 விழுக்காடாக உள்ள பாறையில் 90 மீட்டர் நகர்ந்துவிடும். அதுவும் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவாது. விரிசல் போகும் திசையிலேயே போகும். ஒரு கிணற்றில் தண்ணீர் மஞ்சளாக வருவதும் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு தெளிவாக இருப்பதும் இதனால்தான்.

இனிக் கழிவின் தன்மை. குரோமைட் தாதுவைச் சோடா சாம்பலுடனும் (சோடியம் கார்பனேட்) சுண்ணாம்புடனும் சூளையில் வறுத்துக் குரோமேட் என்ற உப்பைப் பிரித்தபின் மிஞ்சுவது காரத்தன்மை மிகுந்த கசடு. ராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடப்பட்ட ஓர் ஆலையின் வளாகத்தில் இந்தக் கசடு ஒரு இலட்சம் டன்னுக்கும் மேலாகத் தேங்கியது. அதில் எஞ்சியிருக்கும் குரோமியம்-6 (நீரில் கரைந்து மஞ்சள் நிறம் தரும் நச்சு வடிவம்) ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வரும். எதிர்மின்னேற்றம் கொண்ட அயனி என்பதால் அதைக் களிமண் பிடித்து வைப்பதில்லை. கார நீரில் இன்னும் எளிதாக நழுவிச் செல்லும். குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் மட்டுமே என்பதால், கண்ணுக்கு மஞ்சள் நிறம் தெரியும் நிலையில் அந்த வரம்பு எப்போதோ தாண்டப்பட்டிருக்கும்.

மனிதர் சேர்த்துக் கொடுத்த வழி ஒன்றும் உண்டு. நம் ஊரில் ஆழ்துளைக் கிணற்றுக்குக் கேசிங் பைப்பை (மேல்மண் சரியாமல் தடுக்கும் குழாய்) கடினப் பாறை தட்டும் வரைதான் இறக்குவார்கள். பைப்புக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள இடைவெளியைச் சிமென்ட் கொண்டு அடைப்பது அபூர்வம். மேலடுக்கின் அசுத்த நீர் அந்த இடைவெளி வழியாக இறங்கி, ஆழத்திலுள்ள ஊற்றுக்கண்ணை அடைந்துவிடும். கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகள் இன்னும் மோசம்.

சீரமைப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில், எலிசபெத் சிட்டி என்ற ஊரில், 1996இல் இரும்புத் துகள் நிரப்பிய ஒரு சுவரை நீரோட்டத்துக்குக் குறுக்கே மண்ணுக்குள் அமைத்தார்கள்; அதன் ஊடே செல்லும் குரோமியம்-6, எளிதில் கரையாத குரோமியம்-3 ஆக மாறிப் படிந்துவிடுகிறது. அது ஆழம் குறைந்த மணற்பாங்கான படிவு. ராணிப்பேட்டைப் பாறையில் அப்படி ஒரு அகழியை வெட்டுவது எளிதன்று. வெட்டினாலும் அதன் அடியிலுள்ள விரிசல் வழியே நீர் தப்பிவிடும். அதனால் அங்கே முதலில் கழிவை அகற்றுவது அல்லது நீர் புகாதபடி மூடுவது, அடுத்து விரிசல்களைக் கண்டறிந்து அவற்றிலிருந்து நீரை இறைத்துச் சுத்திகரிப்பது என்ற வரிசையைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

விரிசலைத் தேட, நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி அளக்கும் மின்தடை ஆய்வை மட்டும் நம்ப வேண்டாம். உப்பு மிகுந்த கழிவு நீரும், ஈரமான சிதைந்த பாறையும் ஒரே மாதிரிக் குறைந்த மின்தடையைக் காட்டும். சந்தேகமான இடத்தில் ஆழ்துளையிட்டு, சிதைந்த அடுக்குக்கு ஒன்றும் விரிசல் அடுக்குக்கு ஒன்றுமாகத் தனித்தனிக் கண்காணிப்புக் கிணறுகள் அமைத்து, மழைக்கு முன்னும் பின்னும் நீர் எடுத்துச் சோதிக்க வேண்டும்.