அக்கிக்குப் பின் கண்ணில் கரும்புள்ளிகள்

கேள்வி: அப்பாவுக்கு நெற்றியில் வந்த அக்கி ஆறிய பின், வலது கண் சிவந்து, பார்வையில் கரும்புள்ளிகள் மிதக்கின்றன. விழித்திரையில் வைரஸ் தொற்று என்று ஐயுறும் மருத்துவர், கண்ணிலிருந்து நீர் எடுக்க வேண்டும் என்கிறார். இது அவசியமா?
– வாசகி, பாம்பன்

பதில்: சின்னம்மைக்குப் பின் நரம்புகளில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடந்து அக்கியாக வெளிப்படும் வைரஸ், அரிதாக விழித்திரையையும் அழிக்கத் தொடங்குவதுண்டு. கண்மணியை மருந்திட்டு விரித்துப் பார்த்தே பெரும்பாலும் இதைக் கணித்துவிடலாம். மெல்லிய ஊசியால் துளியளவு நீரெடுத்துச் செய்யும் பி.சி.ஆர். சோதனை, எந்த வைரஸ் என்பதை உறுதிசெய்யும். அஞ்ச வேண்டியது அந்த ஊசிக்கு அல்ல, தாமதத்துக்கே. சோதனை முடிவுக்குக் காத்திராமல், வைரஸை ஒடுக்கும் அசைக்ளோவிர் மருந்தை வழக்கமாக 8 மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்தக் குழாய் வழி ஊசியாகவும், பின்னர் பல வாரங்கள் மாத்திரையாகவும் தருவர். தேவையெனில் கண்ணுக்குள்ளேயே மருந்து செலுத்துவர். கடையில் தாமாக வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு வேண்டவே வேண்டாம். மேல்சிகிச்சைக்கு மதுரைக்குப் போகச் சொன்னால் அன்றே கிளம்புங்கள். தொற்று அடங்கிய பிறகும் விழித்திரை பிரியக்கூடும் என்பதால், பார்வையில் திரை விழுந்தாற்போலத் தோன்றினால் உடனே காட்டுங்கள்.