பழைய பிக்கப்பில் லோடு ஏற்றினால் பின்பக்கம் உட்காருகிறது. வீட்டிலேயே ஒரு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாமா?

போடலாம். நானும் போட்டேன். மூன்றே மாதத்தில் கழற்றியும் விட்டேன்.

நீங்களும் மலையில் காய்கறி ஏற்றுகிறவர் என்றே வைத்துக்கொள்கிறேன். நான் நீலகிரியில் கேத்தி பாலாடாவிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் கொண்டுபோகிறவன். வண்டி 2008 மாடல். கழுவின கேரட் மூட்டை வழி நெடுகச் சொட்டிக்கொண்டே வரும். அந்தத் தண்ணீர் பாடி இடுக்கு வழியாக நேரே ஸ்பிரிங் பட்டையில்தான் இறங்கும். வருடக்கணக்கில் துருவேறி, வளைவு செத்து, லோடு ஏற்றினால் வால் தரையைப் பார்க்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சானும் நானும் சக்கரத்துக்குக் கல் வைத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் சேஸுக்கு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்கு, அடியில் மரக்கட்டை கொடுத்து, பக்கத்துக்கு ஒரு பட்டை சேர்த்தோம். பட்டைகளை அச்சோடு சேர்த்துப் பிடிக்கிற யூ போல்ட் புதிதாக வாங்கினோம். பழையதையே திரும்ப முறுக்காதீர்கள், அது ஏற்கெனவே இழுபட்டிருக்கும். வால் நிமிர்ந்தது. மச்சானுக்கு ஒரே பெருமை.

காலியாக வரும்போது தூக்கித் தூக்கிப் போட்டது, சரி, பொறுத்துக்கொண்டேன். லோடோடு குன்னூர் மலைப்பாதையில் இறங்கிய ஒரு விடியற்காலை, முன்சக்கரத்திலிருந்து கருகல் நாற்றம். பர்லியார் பழக்கடைகளிடம் ஓரங்கட்டுவதற்குள் பிரேக் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போனது. இரண்டாவது கியரில்தான் இறங்கினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது வந்து பாடம் எடுப்பீர்கள். ஓவர்லோடா? நாலு மூட்டை கூடுதல்தான், மறைக்கவில்லை. ஆனால் பட்டை போடுவதற்கு முன்பும் அதே நாலு மூட்டையோடுதான் இறங்கிக்கொண்டிருந்தேன்.

பிரேக் ஆறியபின் ஊர்ந்து கீழே போய்ச் சேர்ந்தேன். மண்டிப் பக்கத்து மெக்கானிக் அண்ணன் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு ஒரு கம்பியைக் காட்டினார். பின் அச்சிலிருந்து சேஸில் உள்ள ஒரு வால்வுக்குப் போகிறது. லோடு ஏறி சேஸ் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டிவிடும். காலியாக இருந்தால் பின்சக்கரம் லாக் ஆகாமலிருக்கக் குறைத்துவிடும். நாங்கள் சேஸைத் தூக்கிவிட்டதால், முழு லோடிலும் வண்டி காலி என்றே அது நினைத்திருக்கிறது. மலை முழுக்க முன் பிரேக் ஒன்றே தாங்கியிருக்கிறது.

அப்புறம் கூடுதல் பட்டையை எடுத்துவிட்டு, பழைய பட்டைகளைத் துரு சுரண்டி, பட்டறையில் அடித்து வளைவு எடுத்தேன். பட்டை நுனியில் இருக்கிற ரப்பர் புஷ்ஷும் ஷாக் அப்சார்பரும் மாற்றினேன். அதிலேயே வால் போதுமான அளவு எழுந்துவிட்டது. புஷ் போல்ட்டைச் சக்கரம் தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

“இருபது வருடமாகக் கூடுதல் பட்டையோடுதான் ஓடுகிறேன்” என்று ஒருவர் வருவார். உங்கள் வண்டியில் அந்த வால்வே இல்லாமல் இருக்கலாம், அல்லது யாராவது சரியாக செட் செய்திருக்கலாம். நான் என் வண்டியைச் சொல்கிறேன்.

பிரேக் என்றதும் இன்னொன்று. மலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும். சீசனுக்கு வருகிறவர்கள் வளைவில் மூக்கை நுழைத்துவிட்டு, ஏறுகிற நம்மைப் பின்னால் போகச் சொல்கிறார்கள். தேய்வது அவர்கள் கிளட்ச் பிளேட்டா? நீலகிரிக்குள் வர அவர்களுக்கு 2024 முதல் இ-பாஸ் கொடுக்கிறார்களே, அதிலேயே இந்த விதியையும் அச்சடித்தால் என்ன?

கழற்றிய பட்டைகளில் ஒன்று கொல்லரிடம் போய் அரிவாளாகிவிட்டது. இன்னொன்றை மச்சான் தர மறுக்கிறார்.