முத்திரைத்தாளும் துரும்பும்

ஐயா,
நானும் கணவரும் ஏழு மாதமாகத் தனித்தனியே இருக்கிறோம். சண்டை இல்லை, குழந்தை இல்லை. பிரிந்துவிடலாம் என்று பேசி முடித்துவிட்டோம். 'கோர்ட்டுக்குப் போனால் ஊருக்கே தெரியும், முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் சீல் வாங்கிக்கொள்' என்கிறார் மாமா. வக்கீலோ, மனுப் போடவே ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும், பிறகு ஆறு மாதம் என்கிறார். மனமொத்துப் பிரிபவர்களுக்கு ஏன் இந்த இழுத்தடிப்பு? சுற்றத்தார் பேச்சையும் தாங்க முடியவில்லை.
கே.

அன்புள்ள கே.,
வக்கீல் சொன்னதுதான் சரி. இந்து திருமணச் சட்டத்தில் மனமொத்துப் பிரிய வழிவிடும் 13பி பிரிவு வந்ததே 1976-இல்தான். அந்த ஆறு மாதம் மனம் மாறினால் திரும்புவதற்காக. சூழ்நிலை பார்த்து நீதிபதி அதைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, வக்கீலிடம் கேளுங்கள். சுற்றத்தார் பேசிக்கொண்டுதான் இருப்பார்கள், விடுங்கள்.

எனக்குக் கோபம் அந்த முத்திரைத்தாள் மேல். துரும்பு கிள்ளிப் போடுவது என்று நம்மிடம் ஒரு வழக்கம் உண்டு. சில சாதிகளில் ஊர்க்கூட்டத்தின் நடுவே துரும்பைக் கொடுத்தால் உறவு முறிந்தது. வழக்கத்தைக் கோர்ட்டில் நிரூபித்தால் சட்டம் இன்றைக்கும் அதை ஏற்கும். அது நாலு பேர் பார்க்க நடந்தது. உங்கள் மாமாவின் தாள் யாருக்கும் தெரியக்கூடாது என்று எழுதுவது. துரும்புக்கு இருந்த மரியாதைகூட அதற்குக் கிடையாது. படித்த பெண் நீங்கள், அதற்கா ஆசைப்படுகிறீர்கள்?

என் சின்ன அத்தையின் டிரங்குப் பெட்டியில் அப்படியொரு தாள் இருந்தது. 'இன்று முதல் எங்களுக்குள் யாதொரு பாத்தியமும் இல்லை.' கீழே அத்தையின் பெருவிரல் ரேகை. எழுதப் படிக்கத் தெரிந்தவள்தான். அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அத்தையின் கணவர் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு இருபது வருடம் வாழ்ந்து செத்துப்போனார். அரசு வேலை. பென்ஷனுக்குப் போன அந்தம்மாவிடம் தீர்ப்பு நகல் எங்கே என்று கேட்டார்கள். தாளைக் காட்டினாள், செல்லாது என்றார்கள். முதல் கல்யாணம் முறியாததால் இரண்டாவது கல்யாணமே இல்லை. சட்டப்படி மனைவி அத்தைதான்.

அந்தம்மா எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள், தாளைப் பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்துக்கொண்டு. அத்தை மோர் கொண்டுவந்து வைத்தாள். வெகுநேரம் இருவருமே பேசவில்லை.

பென்ஷன் அத்தை பெயருக்கு வந்தது. சாகும்வரை மாதம் பிறந்தால் அதில் பாதியை அந்தம்மாவுக்கு மணியார்டர் அனுப்பினாள். ஃபாரத்தை நான்தான் நிரப்புவேன். கூப்பனில் மட்டும் 'நலம்' என்று தன் கையாலேயே எழுதுவாள்.