இரண்டு உடைந்த போர்க்கப்பல்களை இணைத்து ஒரே கப்பலாக்கினார்கள் என்பது உண்மையா?

உண்மைதான். முதல் உலகப்போரில் ஜூலு, நூபியன் என்ற இரண்டு பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல்கள் (டெஸ்ட்ராயர் எனும் வேகமான சிறு போர்க்கப்பல்கள்) உடைந்தன. இரண்டிலும் மிஞ்சியதைச் சேர்த்து ஜூபியன் என்று ஒரு கப்பல் கட்டினார்கள். பெயரையும் அதே மாதிரி வெட்டிச் சேர்த்துவிட்டார்கள். அது ஓடியதா என்று அடுத்துக் கேட்கத் தோன்றும். ஓடியது, போருக்கும் போனது.

நான் மும்பையில் கப்பல் பழுதுபார்க்கும் தளங்களில் 16 வருடம் பிளேட் ஃபிட்டராக, அதாவது கப்பலின் இரும்புத் தகடுகளைப் பொருத்துகிறவனாக இருந்தவன். இந்தக் கதையைச் சொல்கிற எல்லோரும் பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்த வேலையைச் செய்த ஆட்களைப் பற்றித்தான் பேச வேண்டும்.

முதலில் அந்தக் கப்பல்கள். இரண்டும் டிரைபல் வகுப்பைச் சேர்ந்தவை. பிரிட்டிஷ் கடற்படைத் தலைவர் அட்மிரல் ஃபிஷர் கேட்டபடி உருவான அந்த வகுப்பில் மொத்தம் 12 கப்பல்கள். நீராவி டர்பைன், எரிபொருள் முழுக்க எண்ணெய், வேகம் 33 நாட் (மணிக்குச் சுமார் 61 கி.மீ.). இவ்வளவு வேண்டும் என்று சொல்லிவிட்டு, வடிவமைப்பைக் கட்டுகிற நிறுவனங்களிடமே கடற்படை விட்டுவிட்டது. அதனால் ஒன்றைப் போல ஒன்று இல்லை. வைக்கிங் என்ற கப்பலுக்கு ஆறு புகைபோக்கி! எண்ணெயும் கண்டபடி குடித்தன. அதே வகுப்பின் அஃப்ரிடி, அமேசான் இரண்டும் மூன்று மைல் போய் எண்ணெய் நிரப்பிக்கொண்டு திரும்புவதற்கே ஆளுக்கு 9.5 டன் எரித்ததாக ஒரு பேச்சு உண்டு.

நூபியனைக் கட்டியது சௌதாம்ப்டன் வூல்ஸ்டனில் இருந்த தார்னிகிராஃப்ட். ஜூலுவைக் கட்டியது டைன் நதிக்கரையில் ஹெப்பர்னில் இருந்த ஹாதார்ன் லெஸ்லி. இரண்டும் 1909-ல் தண்ணீரில் இறங்கின. ஒரே வகுப்பு என்று பெயர்தான், ஒரே வயிற்றில் பிறந்தவை என்று சொல்ல முடியாது. இணைக்கிறவனுக்கு இங்கேதான் தலைவலி ஆரம்பம்.

1916 அக்டோபர் 26 இரவு ஜெர்மன் டார்பிடோ படகுகள் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையே உள்ள டோவர் நீரிணைக்குள் புகுந்தன. அங்கே நீர்மூழ்கிகளைத் தடுக்கும் வலைகளைக் காத்துக்கொண்டிருந்த டிரிஃப்டர் எனும் மீன்பிடிப் படகுகளை அடித்து மூழ்கடித்தன. ஃப்ளர்ட் என்ற பழைய நாசகாரி, தண்ணீரில் தத்தளித்தவர்களைக் காப்பாற்ற ஒரு சிறு படகை இறக்கியது. சற்று நேரத்தில் ஃப்ளர்ட்டே மூழ்கியது. அந்தச் சிறு படகில் போனவர்கள் மட்டும்தான் உயிர் பிழைத்தார்கள். உதவிக்கு விரைந்த நூபியன் டார்பிடோ வாங்கி முன்பகுதியை இழந்தது. இழுத்துக்கொண்டு வரும்போது புயலில் கயிறு அறுந்து, டோவர் பக்கத்து சவுத் ஃபோர்லேண்ட் முனை அருகே கரையில் மோதிக் கிடந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து, நவம்பர் 8-ல் ஜூலு கண்ணிவெடியில் சிக்கியது. வெடித்தது என்ஜின் அறைக்கு அடியில். பின்பகுதி பிய்ந்து மூழ்கியது. மிஞ்சிய முன்பகுதியை பிரான்ஸின் கலே துறைமுகத்துக்கு இழுத்துப் போனார்கள்.

ஒன்றுக்குத் தலை இல்லை, ஒன்றுக்கு வால் இல்லை. டோவரில் நாசகாரிகளுக்குப் பெரும் தட்டுப்பாடு. இரண்டையும் இங்கிலாந்தின் சாத்தம் கப்பல்தளத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

நான் இதை முதலில் கேட்டபோது, "ஷாஃப்டை என்ன செய்தார்கள்?" என்றுதான் மனதில் வந்தது. டர்பைனிலிருந்து புரொப்பெல்லர் வரை போகிற அந்தத் தண்டு நூல் பிடித்த மாதிரி நேராக இருக்க வேண்டும். கப்பலை அதன் நடுவில் வெட்டி ஒட்டினால் பிறகு ஆயுசுக்கும் அதிர்வுதான். ஆனால் இங்கே நடுப்பகுதி, பின்பகுதி இரண்டுமே நூபியனுடையவை. என்ஜினும் ஷாஃப்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஜூலுவிலிருந்து எடுத்தது முன்பகுதியை. கண்ணிவெடி ஜூலுவின் முன்பக்கம் வெடித்திருந்தால் இந்தக் கப்பலே பிறந்திருக்காது.

சரி, அடுத்த சிக்கல் அகலம். இரண்டு கப்பலுக்கும் 3.5 அங்குலம் வித்தியாசம், கிட்டத்தட்ட 89 மி.மீ. நடுக்கோட்டை ஒன்றாகப் பிடித்தால் பக்கத்துக்கு ஒன்றே முக்கால் அங்குலம் தள்ளி நிற்கும். கேட்பவருக்குச் சின்ன அளவாகத் தெரியும். நாங்கள் 5 மி.மீ. விலகலுக்கே ஃபோர்மேனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, பிளேட்டை மறுபடி வெட்டியிருக்கிறோம். எங்களுக்காவது வெல்டிங் இருந்தது. அவர்களுக்கு எல்லாம் ரிவெட். இந்தப் பிளேட்டின் துளையும் அந்தப் பிளேட்டின் துளையும் நேருக்கு நேர் வந்தால்தான் ஆணி இறங்கும். என் அனுபவத்தில் சொல்கிறேன்: அந்த வித்தியாசத்தை ஒரே இடத்தில் விழுங்க முடியாது. பல ஃப்ரேம் (கப்பலின் விலா எலும்பு மாதிரியான சட்டங்கள்) தூரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துத்தான் கொண்டுவந்திருப்பார்கள். அதைக் குளிர்காலத்தில், போருக்கு நடுவில் செய்து முடித்து, 1917 ஜூனில் கப்பலைப் பணிக்கு அனுப்பினார்கள். ஜூலு உடைந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது.

அப்புறம் அதன் சேவை. 1918 பிப்ரவரியில் யூசி-50 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை மூழ்கடித்ததாக அதன் கணக்கில் எழுதினார்கள். இப்படிப்பட்ட போர்க்காலக் கணக்குகள் பல பின்னால் மாறியிருக்கின்றன, அதனால் நான் இதை வைத்து அந்தக் கப்பலை எடை போடவில்லை. அதே வருடம் ஏப்ரலில், ஜெர்மானியர் வசம் இருந்த பெல்ஜியத்தின் ஒஸ்டெண்ட் துறைமுக வாயை அடைக்கப் போன படையிலும் இருந்தது. ஜெர்மானியர்கள் அடையாள மிதவையை இடம் மாற்றி வைத்திருந்ததால் அந்த முயற்சி தோற்றது. 1919 டிசம்பரில் ஜூபியனைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். ஒட்டிய கப்பல், போர் முடியும்வரை தாங்கியது.

நூபியன் என்ற பெயர் இரண்டாம் உலகப்போரில் இன்னொரு நாசகாரிக்கு வந்தது. 1941 மே 26-ல் கிரீட் அருகே விமானக் குண்டு விழுந்து அதன் பின்பகுதி பிய்ந்துபோனது. அப்படியும் அலெக்சாண்ட்ரியா வந்து சேர்ந்தது. பிறகு அதைச் சரிசெய்யக் கொண்டுவந்த இடம் பம்பாய். அங்கே புது வால் பொருத்திக்கொண்டு 1942-ல் மறுபடி போருக்குக் கிளம்பியது.