ஒவ்வொரு முறையும் இருமல் மிட்டாயோடு திரும்பி வருகிறேன்

கேள்வி: எனக்கு 28 வயது. கல்யாணமாகி ஏழு மாதம் ஆகிறது. மனைவி பி.எட். படிக்கிறாள். படிப்பு முடியும்வரை குழந்தை வேண்டாம் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம். டெல்டாவில் சின்ன ஊர் எங்களுடையது, இருப்பதே மூன்று மெடிக்கல். ஒன்று அப்பாவின் நண்பருடையது. இன்னொன்றில் என்னோடு பள்ளியில் படித்தவன் நிற்கிறான். மூன்றாவது பஸ் ஸ்டாண்டில், எப்போதும் கூட்டம். காண்டம் வாங்கப் போய் நாலு தடவை இருமல் மிட்டாயும் தலைவலி மாத்திரையும் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். இப்போதைக்கு ‘ஜாக்கிரதையாக’ இருந்து சமாளிக்கிறோம். போன மாதம் அவளுக்கு ஒன்பது நாள் தள்ளிப்போனதும் இரண்டு பேருக்கும் தூக்கமே இல்லை. “நானே போய் வாங்கட்டுமா?” என்று கேட்கிறாள். வெட்கத்தை விடுங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். விட முடிந்தால் உங்களுக்கு ஏன் எழுதப் போகிறேன்? வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: தம்பி, நான் 22 வருடமாகக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிற மருந்தாளுநர். உங்களைப் போன்றவர்களால் எங்கள் கடையில் எவ்வளவு இருமல் மிட்டாய் விற்றிருக்கும் என்று கணக்குப் போட்டால் நான்தான் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஒருவர் வருவார். பைக்கை ஆஃப் செய்ய மாட்டார், ஹெல்மெட்டையும் கழற்ற மாட்டார். முதலில் ஒரு அட்டை பாராசிட்டமால் கேட்பார். எடுத்துக் கொடுத்ததும் பர்ஸைத் துழாவிக்கொண்டே நிற்பார். பின்னால் யாராவது வந்துவிட்டால், “அவங்களுக்கு முதல்ல கொடுங்கண்ணே” என்று வழிவிடுவார். இப்படிப் பெருந்தன்மையான வாடிக்கையாளரை வேறு எந்த வியாபாரத்திலும் பார்க்க முடியாது. கடை காலியானதும் அலமாரியைக் கண்ணால் காட்டி, “அதுல ஒண்ணு” என்பார். “எதுல?” என்று நான் கேட்டாக வேண்டும், ஏனென்றால் அதே தட்டில் குளுக்கோஸ் பாக்கெட்டும் இருக்கிறது, டூத் பிரஷ்ஷும் இருக்கிறது. அந்த ஒரு ‘எதுல’வில் அவர் முகம் விழுந்துவிடும்.

அந்த நேரத்தில் என் மனதில் என்ன ஓடும் தெரியுமா? ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை இருக்கிறதா என்பது ஓடும். இன்சுலின் வைத்திருக்கும் ஃபிரிட்ஜின் கதவைப் பையன் சரியாக மூடினானா என்பது ஓடும். நீங்கள் படி இறங்குவதற்குள் அடுத்தவர் சீட்டை நீட்டிவிடுவார். கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர்கள் 2000இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். போட்டுக்கொள்ளவே கூச்சப்படும்படியான, ஒரு பாடகரின் படம் போட்ட டீ ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டிவிட்டு, ஆள் நிறைந்த அறைக்குள் அனுப்பினார்கள். உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிகூட இல்லை. பாராசிட்டமால் அட்டையோடு நிற்பவருக்கும் இதே கணக்குதான்.

சரி, வெட்கம் முழுக்க உங்கள் மனப்பிரமை என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன். அதில் பாதியை உற்பத்தி செய்வது எங்களைப் போன்ற கடைக்காரர்கள்தான். இருமல் மருந்தை அப்படியே கையில் கொடுக்கிறோம். காண்டத்தையும் நாப்கினையும் மட்டும் செய்தித்தாளில் சுற்றி, கருப்புக் கவரில் போட்டு, முடிச்சும் போட்டுத் தருகிறோம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது, நாங்களும் காகித உறைக்கு மாறினோம். ஆனால் இந்த இரண்டு பொருளுக்கு மட்டும் எங்கிருந்தோ கருப்புக் கவர் வந்துகொண்டே இருந்தது. அந்தக் கவரைப் பார்த்தாலே உள்ளே இருப்பது என்னவென்று தெருவுக்கே தெரியும். சில கடைகளில் பையன்கள் ஒரு மாதிரி சிரிப்பதும் உண்மை. என் கடையில் ஒருவன் அப்படிச் சிரித்து, வாங்க வந்த ஒரு பெண் பாதியிலேயே திரும்பிப் போய்விட்டார். அன்றைக்கு அவனைத் திட்டியதைவிட, இதை முன்பே சொல்லிக்கொடுக்காத என்னைத்தான் அதிகம் திட்டிக்கொண்டேன்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே பெண்ணுக்குச் செய்யும் ஆபரேஷன்தான். இரண்டாவது பிரசவம் முடிந்த பெண்ணிடம், “ஆபரேஷன் பண்ணியாச்சா?” என்று தெருக்குழாயடியில் சத்தமாகவே கேட்பார்கள். அதில் யாருக்கும் கூச்சம் கிடையாது. முதல் குழந்தையைத் தள்ளிப்போட நினைக்கும் புதுஜோடிக்குத்தான் பேச்சும் இல்லை, வார்த்தையும் இல்லை. போதாக்குறைக்கு 2000களின் தொடக்கத்தில் “புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?” என்று ஊரெல்லாம் விளம்பரம் வைத்தார்கள். எய்ட்ஸைத் தடுக்க நல்ல வேலைதான் செய்தது, குறை சொல்லவில்லை. ஆனால் காண்டம் என்றால் தப்பான இடத்துக்குப் போகிறவனின் பொருள் என்ற எண்ணமும் கூடவே ஒட்டிக்கொண்டது. தாலி கட்டிய மனைவிக்காக வாங்கப் போகிற நீங்கள் திருடனைப் போல நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். இத்தனைக்கும் 1968இல் அரசாங்கம் ‘நிரோத்’ என்ற காண்டத்தைக் கொண்டுவந்தபோது, டீத்தூளும் சோப்பும் விற்கும் கம்பெனிகள் மூலமாகத்தான் கடைகளுக்கு அனுப்பியது. மூன்று காண்டம் சேர்த்து 15 பைசா. வெற்றிலை பாக்கு விற்கிற பெட்டிக்கடையிலும் கிடைக்க வேண்டும் என்பதுதான் திட்டம்.

இனி வழிக்கு வருவோம். உங்களைக் கவிழ்ப்பது கடைக்காரர் திருப்பிக் கேட்கும் கேள்விகள். எந்த பிராண்ட், மூணா பத்தா, பிளெயினா டாட்டடா என்று மூன்று கேள்வி வரும். மூன்றுக்கும் பதிலை ஒரே வாக்கியத்தில் நீங்களே சொல்லிவிட்டால் நாங்கள் கேட்க ஒன்றுமில்லை. “மூட்ஸ், பிளெயின், பத்து பீஸ் பெட்டி ஒண்ணு.” அவ்வளவுதான். பிராண்ட் எதுவாகவும் இருக்கட்டும், போகும் வழியில் இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘அது’, ‘இது’ வேண்டாம், பேரைச் சொல்லுங்கள். வாயே வரவில்லையா, துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டுங்கள். சீட்டைப் படித்துப் பொருளை எடுத்துத் தருவதுதான் எங்கள் தொழிலே. செல்போன் திரையில் படத்தைக் காட்டினாலும் போதும். துணைக்குத் தலைவலி மாத்திரை வாங்க வேண்டியதில்லை, அது கவுண்டரில் நிற்கும் நேரத்தைத்தான் கூட்டும்.

பெரிய பெட்டியாக வாங்குங்கள். மூன்று உள்ள பாக்கெட் வாங்கினால் வாரா வாரம் இந்தப் பரீட்சை, இருபது உள்ள பெட்டி என்றால் எப்போதாவதுதான். பழகப் பழகக் கூச்சம் குறையும் என்பதை ஆய்விலும் பார்த்திருக்கிறார்கள், நான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். ஹெல்மெட்டோடு வந்தவர் நாலாவது முறை ஹெல்மெட் இல்லாமல் வருவார், ஆறாவது முறை விலை ஏறிவிட்டதே என்று சண்டை போடுவார்.

நேரத்தையும் பாருங்கள். சின்ன ஊர் மெடிக்கலில் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை கிளினிக் கூட்டம். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை ஈ ஓட்டிக்கொண்டிருப்போம், அப்போது வாருங்கள். அப்பாவின் நண்பர் கடையை விட்டுவிடுங்கள், அங்கே போய் வீரம் காட்ட வேண்டிய அவசியம் ஒன்றுமில்லை. பஸ் ஸ்டாண்டு கடைதான் இருப்பதிலேயே நல்லது. கூட்டம் என்று பயப்படுகிறீர்கள், ஆனால் அந்தக் கூட்டத்துக்குக் கண்ணெல்லாம் பஸ் மேல்தான். கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் போனால் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் இடத்திலேயே சாக்லேட் பக்கத்தில் வைத்திருப்பார்கள். எடுத்துக் கூடையில் போட்டால் போதும், வாயே திறக்க வேண்டாம்.

ஆன்லைனிலும் வாங்கலாம், பெரும்பாலும் வெளியே தெரியாதபடிதான் பேக் செய்து அனுப்புகிறார்கள். ஆனால் பார்சலை வாங்குவது யார், பிரிப்பது யார் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டுக் குடும்பத்தில் அம்மாவிடம் கத்தரிக்கோல் தயாராக இருக்கும். அரசு ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நிரோத் இலவசம். எடுத்துக்கொள்ளும்படி பெட்டி வைத்திருக்கும் இடங்களும் உண்டு.

காண்டம் வாங்க மருந்துச் சீட்டு வேண்டாம். கல்யாணம் ஆனவரா என்று கேட்க எந்தக் கடைக்காரருக்கும் உரிமை கிடையாது. கருத்தடைப் பொருளுக்கு ஜிஎஸ்டிகூட இல்லை. இருமல் மிட்டாய்க்கு உண்டு.

வெட்கம் கடையோடு முடிந்தால் பரவாயில்லை, வீட்டுக்கும் கூடவே வருவதைத்தான் நான் கவலையோடு பார்க்கிறேன். கொடுத்ததைச் சட்டென்று பாக்கெட்டில் திணித்துக்கொண்டு ஓடுவதால் யாரும் காலாவதித் தேதியைப் பார்ப்பதில்லை. வீட்டில் யார் கண்ணிலும் படக்கூடாது என்று ஸ்கூட்டர் டிக்கியில் ஒளித்து வைப்பார்கள், இல்லையென்றால் மாசக்கணக்கில் பர்ஸில் வைத்து அதன் மேலேயே உட்காருவார்கள். சித்திரை வெயிலில் டிக்கி அடுப்பு மாதிரி கொதிக்கும். சூடும் உரசலும் ரப்பரைக் கெடுத்துவிடும், அப்புறம் கிழிந்துவிட்டது என்று வந்து நிற்பார்கள். பீரோவில் துணிக்கு நடுவே வைத்தாலே போதும். உறையைப் பல்லால் கடித்துப் பிரிக்காதீர்கள். தேங்காய் எண்ணெய், வாசலின் எதுவும் தடவக் கூடாது, எண்ணெய்ப் பசை பட்டால் லேடெக்ஸ் பலவீனமாகிவிடும். பாதுகாப்புக்கு என்று இரண்டைச் சேர்த்துப் போடுவதும் தப்பு, ஒன்றோடொன்று உரசிக் கிழியும். ஆரம்பத்திலிருந்தே போட வேண்டும், கடைசி நேரத்தில் போட்டுப் பயனில்லை. முடிந்ததும் அடிப்பக்கத்தைப் பிடித்தபடி உடனே விலகிவிட வேண்டும். இறுக்கமாகவோ தொளதொளப்பாகவோ இருந்தால் பெட்டியில் போட்டிருக்கும் அகலத்தைப் பாருங்கள். வழக்கமான அளவு 52, 53 மில்லிமீட்டர். 49ம் கிடைக்கிறது.

‘ஜாக்கிரதை’ என்று நீங்கள் எழுதியிருப்பது கடைசி நேரத்தில் விலகிக்கொள்வதைத்தான் என்று நினைக்கிறேன். அதை மட்டும் நம்பி இருக்கும் 100 ஜோடிகளில் ஒரு வருடத்துக்குள் சுமார் 20 பேருக்குக் கரு தங்கிவிடுகிறது. காண்டத்தில், மறதி அவசரம் எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் 13. ஒவ்வொரு தடவையும் சரியாகப் போட்டால் 2. மறுபடி நாள் தள்ளினால் ஒன்பது நாள் விழித்துக் கிடக்காதீர்கள். தேதி தள்ளிய மறுநாளே யூரின் டெஸ்ட் கார்டு வாங்கி, காலையில் முதல் சிறுநீரில் பாருங்கள்.

உங்கள் மனைவி வாங்கப் போகலாமா? தாராளமாக. ஆனால் உங்களுக்கு வெட்கம் என்பதற்காக அவர் போக வேண்டாம், அவருக்குச் சங்கடம் இல்லையென்றால் போகட்டும். நம் கடைகளில் பெண் கேட்டால் பார்வை இன்னும் கொஞ்சம் மோசமாகத்தான் இருக்கும், அதைத் தெரிந்துகொண்டே அனுப்புங்கள்.

கவுண்டரே வேண்டாம் என்றால் இருவருமாகப் போய் ஒரு மகளிர் மருத்துவரைப் பார்க்கலாம். அங்கே கதவைச் சாத்திப் பேசலாம். தினசரி மாத்திரை இருக்கிறது. ‘சாயா’ என்ற ஹார்மோன் இல்லாத மாத்திரையை அரசு இலவசமாகத் தருகிறது: முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ‘அந்தரா’ ஊசி இருக்கிறது, காப்பர் டி இருக்கிறது. ரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி எல்லாம் கேட்டுத்தான் மருத்துவர் முடிவு செய்வார், பக்கத்து வீட்டு அக்கா சாப்பிடுகிறார் என்று மாத்திரையை நீங்களாக வாங்காதீர்கள். “முதல் குழந்தையைப் பெத்துக்கிட்டு அப்புறம் வாம்மா” என்று சொல்லி அனுப்பினால் வேறு மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை சாப்பிட்டால் பின்னால் குழந்தை தங்காது என்பது வெறும் பயம். நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும், ஊசிக்கு மட்டும் சில மாதம் கூடுதலாக ஆகலாம்.

காண்டம் கிழிந்துவிட்டால் அவசர மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அதற்கும் மருந்துச் சீட்டு தேவையில்லை என்பதுதான் விதி. ஆனாலும் தமிழ்நாட்டில் பல கடைகள் அதை வைப்பதே இல்லை. நாலு கடை ஏறி இறங்கி நேரத்தை வீணாக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ மருத்துவரிடமோ நேரே போய்விடுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104க்கு போன் செய்து கேட்கலாம். மாதா மாதம் இதையே நம்பி இருக்கக் கூடாது, இது அவசரத்துக்கு மட்டும்.

உங்களோடு படித்தவன் கடையைக் கடைசிக்கு வைத்தேன். அவனுக்குப் போன் செய்து, “டேய், பத்து பீஸ் பெட்டி ஒண்ணு எடுத்து வை, ரெண்டரை மணிக்கு வர்றேன்” என்று சொல்லிப் பாருங்கள். போனில் முகம் தெரியாது. ஒரு நாள் கிண்டல் செய்வான், அடுத்த மாதம் ஸ்டாக் வந்ததும் அவனே கூப்பிட்டுச் சொல்வான். பணத்தை ஜிபேயில் போட்டால் கடை வாசலில் இருக்கும் பெட்டி தொகையைச் சத்தமாகச் சொல்லும். பயப்படாதீர்கள், என்ன வாங்கினீர்கள் என்பதை அது சொல்லாது.