ரத்தம் நின்ற பிறகும் ரசம் சாதம்தானா?

கேள்வி: வயது 31. திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். அல்சரேட்டிவ் கோலைட்டிஸுக்கு (பெருங்குடலில் புண் வரும் நோய்) மெசலமின் மாத்திரை சாப்பிடுகிறேன். ஆறு மாதமாக ரத்தப்போக்கு இல்லை. கொலனோஸ்கோப்பியில் புண் ஆறிவிட்டதாகச் சொன்னார்கள். ஆனாலும் பயத்தில் இட்லி, ரசம் சாதம், தயிர்சாதம் தவிர எதையும் தொடுவதில்லை. எடை 52 கிலோ. படியேறினாலே மூச்சு வாங்குகிறது. ஜிம்மில் சேர்ந்து புரோட்டீன் பவுடர் குடிக்கலாமா?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: ஜிம் இருக்கட்டும் தம்பி, முதலில் சாப்பிடுங்கள். குடல் ஆறிவிட்டது, நீங்கள்தான் இன்னும் பத்தியத்தில் இருக்கிறீர்கள். நோய் சீறும்போது சாப்பிட வேண்டியதை வருஷம் முழுக்கச் சாப்பிட்டால் உடம்பு இளைக்காமல் என்ன செய்யும்? 52 கிலோ உடம்புக்குத் தினமும் 50, 60 கிராம் புரதம் வேண்டும். ரசம் சாதத்தில் அது எங்கே இருக்கிறது?

காலை இட்லியோடு இரண்டு அவித்த முட்டை. அதிலேயே 12 கிராம் வந்துவிடும். மதியம் குழைய வேகவைத்த பாசிப்பருப்பு, தோல் சீவிய பீர்க்கங்காய் அல்லது சுரைக்காய்க் கூட்டு. அசைவம் உண்டென்றால் காரம் குறைத்த மீன் குழம்பு. எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆரம்பிக்காதீர்கள். ஒரு புதுப் பொருள், இரண்டு கரண்டி, மூன்று நாள். வயிறு சும்மா இருந்தால் அடுத்தது. ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். (குரோன்ஸ் என்ற இன்னொரு குடல் அழற்சி நோயால் குடல் சுருங்கியவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம், நார்ச்சத்து விஷயத்தில் அவர்கள் கணக்கே வேறு.)

பவுடரா? முட்டை விற்கிற விலைக்கு எனக்கு அதில் பெரிய மரியாதை இல்லை. பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன் பலவற்றில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை இருக்கிறது, சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. சிலவற்றில் இனிப்புக்காகச் சேர்க்கும் சார்பிட்டால், மால்ட்டிட்டால் நல்ல வயிற்றையே கலக்கிவிடும்.

மூச்சு வாங்குவதுதான் எனக்கு உறுத்துகிறது. மாதக்கணக்கில் ரத்தம் போனவருக்கு இரும்புச்சத்து காலியாகியிருக்கும். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது) இரண்டையும் ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிட்டு ஜிம் ஃபீஸ் கட்டுங்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டிருந்தால் எலும்பு பலவீனமாகியிருக்கலாம். வைட்டமின் டி-யும் பார்க்கச் சொல்லுங்கள்.

அதுவரை ஷிஃப்ட் முடிந்ததும் அரை மணி நேரம் நடங்கள். ரத்தம் தேறியதும் லேசான எடையில் வாரம் இரண்டு நாள் போதும். பிரிட்டனின் துடுப்புப் படகு வீரர் ஸ்டீவ் ரெட்கிரேவுக்கு 1992-இல் இதே நோய் வந்தது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் அவர் ஐந்தாவது தங்கம் வாங்கினார். நீங்கள் பைசெப்ஸ்தானே கேட்கிறீர்கள்!

ஒன்றில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஜிம்முக்குப் போன மறுநாள் உடம்பு வலிக்கும். மெடிக்கல் ஷாப்பில் 'வலி மாத்திரை' என்று கேட்டு வாங்காதீர்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் தூங்குகிற நோயை எழுப்பிவிடக்கூடும். தேவைப்பட்டால் பாராசிட்டமால். நன்றாக இருக்கிறதே என்று மெசலமினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். மலத்தில் மறுபடி ரத்தமோ சளியோ தெரிந்தால் அன்றே டம்பெல்லைக் கீழே வைத்துவிட்டு டாக்டருக்கு போன் போடுங்கள்.