ஒரு வருடம் சிரித்தீர்களே!

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. மதுரையில் எங்களோடு மூன்றாவது மாடி ஃபிளாட்டில் இருக்கிறார். போன மாதம் குளியலறை வாசலில் இடறி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. ரத்தத்தில் வைட்டமின் டி 9 தானாம். இவ்வளவு வெயிலடிக்கும் ஊரில் எப்படி? ஒரு வேலை செய்ய விடாமல் ராணி மாதிரி வைத்திருக்கிறோம். ஒரு வருடமாகவே சோபாவிலிருந்து எழும்போது தொடையில் இரண்டு கையையும் ஊன்றி, 'முருகா' என்றுதான் எழுவார். என் மகன் அதை நடித்துக் காட்டுவான், எல்லோரும் சிரிப்போம். வாராவாரம் மாத்திரைக்குப் பதில் ஒரே பெரிய ஊசியாகப் போட்டுவிடலாமா?

பதில்: ஊசி இருக்கட்டும். பேரன் நடித்துக் காட்டினானே, அதற்கு வருவோம்.

வைட்டமின் டி குறைந்தால் எலும்பு மட்டும் மெலிவதில்லை. தொடைச் சதையும் இடுப்புச் சதையும் தளரும். உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடியாது, மாடிப்படி ஏற முடியாது, இடறினால் சுதாரிக்க முடியாது. தொடையில் கை ஊன்றி எழுந்தது வெறும் வயசு இல்லை ஐயா. விழப்போகிறேன் என்று அந்த உடம்பு ஒரு வருடம் உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது. நடித்த பையன் குழந்தை, அவனை விடுங்கள். கூடச் சேர்ந்து சிரித்த நீங்கள்?

'ராணி மாதிரி' என்று எழுதியிருக்கிறீர்கள். வெயில் ஊரில் அடித்தால் போதாது, அம்மாவின் தோலில் பட வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வருகிற வெயிலால் வைட்டமின் டி ஊறாது. எழுபது வயதுத் தோலுக்கு அதைத் தயாரிக்கும் திறனும் வெகுவாகக் குறைந்திருக்கும். துணி காயப்போடவும் வடகம் பிழியவும் மொட்டை மாடிக்குப் போயிருக்க வேண்டியவரைச் சோபாவில் உட்கார வைத்துவிட்டு, அதற்குப் பாசம் என்று பெயர் வைத்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெற்றவளைச் சும்மா உட்கார வைப்பதல்ல, நடமாட வைப்பதுதான் பிள்ளையின் கடமை.

இப்போது ஊசி. ஆஸ்திரேலியாவில் 70 வயது தாண்டிய பெண்களுக்கு வருடத்துக்கு ஒரு தடவை 5 லட்சம் யூனிட்டை மொத்தமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2010-இல் முடிவு வந்தது: வைட்டமின் கிடைத்தவர்கள்தான் அதிகம் விழுந்தார்கள், அவர்களுக்குத்தான் அதிகம் எலும்பு முறிந்தது. டாக்டர் எழுதிய அளவை எழுதியபடியே கொடுங்கள்.

அதோடு நிற்காதீர்கள். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே இடுப்பு உடைகிறது என்றால் எலும்பு ஏற்கெனவே பொக்கையாகியிருக்கிறது. அதற்குத் தனியாக மருந்து உண்டு. கேட்காவிட்டால் பல இடங்களில் உடைந்ததைச் சரிசெய்து, தையல் பிரித்து அனுப்பிவிடுவார்கள். போய்க் கேளுங்கள். கால்சியத்துக்குப் பால், மோர், கேழ்வரகு, நெத்திலி என்று எது ஒத்துக்கொள்கிறதோ அது.

டாக்டர் சம்மதித்ததும், வாக்கரோடு பத்தரை மணி வெயிலுக்குக் கூட்டிப் போங்கள், கையும் காலும் வெயில் படும்படி. கால் மணி நேரமாவது இருக்கட்டும். ஆள் வைத்து அனுப்ப வேண்டாம், ஞாயிற்றுக்கிழமையாவது நீங்களே போங்கள். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி மாட்டியாயிற்றா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. இன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள்.